ஒரே வருஷத்து நாவல்களாக வாசிப்பதென்றால் எந்த வருஷம்?

செக்காலை வாசகி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டு முகப்பில் உட்கார்ந்து நாவல் பேசுகிறோம். இரண்டு வருஷமாக நடக்கிறது. இதுவரை அவரவருக்குப் பிடித்ததைச் சொல்வார்கள், அதிலிருந்து ஒன்றை எடுப்போம். போன மாதம் அது நன்றாகக் கவிழ்ந்தது. ஆறு பேர் ஒரு புத்தகத்தையும் நாலு பேர் வேறொரு புத்தகத்தையும் படித்துவிட்டு வந்தார்கள். வாட்ஸாப்பில் யார் என்ன அனுப்பினோம் என்று அரை மணி நேரம் தகராறு. அப்புறம் வெள்ளைப் பணியாரம் வந்தது, சாப்பிட்டுவிட்டுக் கலைந்துவிட்டோம்.

அதனால் அடுத்த சுற்றுக்கு ஓர் ஒழுங்கு வைக்கலாம் என்று தோன்றியது. ஏதாவது ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டு, அந்த வருஷம் வந்த நாலைந்து தமிழ் நாவல்களை மட்டும் வரிசையாகப் படிப்பது. ஒரே காலத்தில் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து என்னென்ன எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று பார்க்கலாம் இல்லையா?

1966, 1977 இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன். எனக்கு மூன்று சந்தேகங்கள். எந்த வருஷம் கனமானது? இணையத்தில் ஒரே நாவலுக்கு ஆளுக்கொரு வருஷம் போடுகிறார்களே, எதை எடுத்துக்கொள்வது? கடைசியாக, எங்கள் குழுவில் இருக்கும் ஒரு பெரியவர் கேட்கச் சொன்னது: நம் ஊர்ப் பக்கத்து நாவல் ஏதாவது அந்த வருஷத்தில் அகப்படுமா?

கல்லல் ரயிலடி:

1966. இரண்டே நாவல், ஆனால் அந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் பேசலாம். தி. ஜானகிராமனின் அம்மா வந்தாள், சுந்தர ராமசாமியின் ஒரு புளியமரத்தின் கதை.

முதலாவதில் வேதபாடசாலையில் படித்து முடித்த அப்பு வீட்டுக்குத் திரும்புகிறான். அங்கே அவன் அம்மா அலங்காரம். அவ்வளவுதான் சொல்வேன், மீதியைப் படிக்காதவர்களுக்காக விட்டுவிடுகிறேன். இரண்டாவதில் நாகர்கோவில் முச்சந்தியில் ஒரு மரம், அதைச் சுற்றிக் கடை, அரசியல், பத்திரிகை, பொறாமை. தாமோதர ஆசான் கதை சொல்ல ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. எங்கள் ஸ்டேஷன் பெஞ்சிலும் அப்படி ஒருவர் இருந்தார், ரயில் வந்தாலும் கதையை நிறுத்தமாட்டார். இரண்டு ரயிலை நான் அவரால் விட்டிருக்கிறேன்.

வருஷக் குழப்பம் இதிலும் உண்டு. புளியமரம் முதலில் சரஸ்வதி பத்திரிகையில் தொடராக ஆரம்பித்துப் பாதியில் நின்றது. முழுதாக நூலானது 1966-ல்தான்.

பழைய பெட்டகம்:

நான் 1977 என்பேன். கல்லல்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம். 1966 பெரிய வருஷம்தான், ஆனால் அதில் இரண்டு மலை, நடுவில் பள்ளம். 1977-ல் நாலு நாவல் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறது.

முதலில் வருஷ விஷயம். முப்பத்தேழு வருஷம் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான், அது தீராமல் எனக்கு மேலே ஓடாது. பணம் கை மாறிய அன்று குறிப்பில், அதாவது அன்றாடக் கணக்கில், ஏறும். பேரேட்டுக்கு அது வேறொரு நாளில் போகும். வருஷ முடிவில் ஐந்தொகை போடும்போதுதான் அது எந்த வருஷத்துக் கணக்கு என்று முடிவாகும். நாவலுக்கும் அப்படித்தான். எழுதிய வருஷம், பத்திரிகையில் தொடராக வந்த வருஷம், நூலான வருஷம் என்று மூன்று. இணையத்தில் மூன்றையும் ஒரே கூடையில் கொட்டிவிடுகிறார்கள். நீங்கள் நூலாக வந்த வருஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைப் புரட்டி முதல் பதிப்பு என்று போட்டிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். பின்னட்டையை நம்பாதீர்கள்.

அதுவும் சரிப்படவில்லையா, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பெயரைக் கேட்டால் சென்னைக்காரர்கள் ஏதோ வெளிநாட்டு அறக்கட்டளை என்று நினைக்கிறார்கள். நம் கோட்டையூர் முத்தையா செட்டியார் வீட்டில் சேர்த்து வைத்திருந்த புத்தகங்கள்தான் அது. ஏறக்குறைய ஒரு லட்சம். 1992-ல் அவர் காலமானார், பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-ல் சென்னையில் நூலகம் ஆயிற்று. கோட்டையூரில் இருந்தபோது சைக்கிளில் போய்விடலாம், இப்போது ரயிலேற வேண்டியிருக்கிறது.

சரி, 1977.

அசோகமித்திரனின் பதினெட்டாவது அட்சக்கோடு. நாஞ்சில்நாடனின் தலைகீழ் விகிதங்கள், அவருடைய முதல் நாவல். ஆதவனின் காகித மலர்கள், இது தீபம் பத்திரிகையில் தொடராக வந்து நூலானது. வண்ணநிலவனின் கடல்புரத்தில்.

அந்த வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்று உங்கள் குழுவில் சின்னவர்களுக்குத் தெரியாது. மார்ச்சில் அவசரநிலை முடிந்தது, அதே மாதம் பாராளுமன்றத் தேர்தல், ஜூனில் சட்டமன்றத் தேர்தல், எம்.ஜி.ஆர். முதலமைச்சர். ஊரில் டீக்கடை பெஞ்சில் இடம் கிடைக்காது. நான் அழகப்பா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த வருஷம் இந்த நாலில் ஒன்றுகூட நான் படிக்கவில்லை. பெயர்கூடக் கேள்விப்படவில்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதைதான் எனக்குத் தெரிந்த இலக்கியம். அதையும் ஆச்சி படித்து முடித்த பிறகுதான் என் கைக்கு வரும், எண்ணெய்க் கறையோடு.

கடல்புரத்தில் என் கைக்கு வந்தது எண்பதுகளில். தேவகோட்டையில் ஒரு பழைய பேப்பர் கடையில் தராசுக்குப் போக இருந்த கட்டிலிருந்து உருவினேன். இரண்டு ரூபாய். முதல் பக்கத்தில் யாரோ பெயர் எழுதியிருந்திருக்கிறார்கள், அந்த மூலையை மட்டும் பிளேடால் நேராக அறுத்து எடுத்துவிட்டுப் போட்டிருந்தார்கள். புத்தகத்தை எடைக்குப் போட மனசு வந்தவருக்குப் பெயரைப் போட மனசு வரவில்லை. அந்தச் சின்ன முக்கோண ஓட்டை வழியாக அடுத்த பக்கத்தில் நாலு எழுத்து தெரியும். வாங்கினேனே தவிர, படிக்காமல் பெட்டகத்தில் வைத்துவிட்டேன். இருபது வருஷம் அங்கேயே கிடந்தது.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே சொல்ல முடியும். தேவகோட்டை ரஸ்தாவிலிருந்து உள்ளே போகிற சின்ன ஊர். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து மறு தெருவில் முடிகிற வீடு. பர்மாத் தேக்கில் தூண். தாத்தா காலத்தில் மூன்று பங்கு, இன்றைக்குப் பதினேழு. எனக்கு வளவில் ஓர் இரட்டை அறையும், அதற்கு எதிரே இருக்கிற தூணில் பதினேழில் ஒன்றும்.

இரண்டாயிரத்து ஆறிலோ ஏழிலோ, வீட்டைப் பிரித்து விற்றுவிடலாம் என்று பங்காளிகளுக்குள் பேச்சு வந்தது. ஒரு வியாபாரி வந்தார். தூணைத் தட்டித் தட்டிப் பார்த்தார், விரல் முட்டியால், தேங்காய் வாங்குகிற மாதிரி. தூணுக்கு இவ்வளவு, நிலைக்கதவுக்கு இவ்வளவு, பெல்ஜியம் கண்ணாடிக்கு இவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதினார். நிலத்துக்குத் தனி விலை, அதைக் கடைசியில்தான் சொன்னார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் போய்ப் பாருங்கள், அப்படிக் கணக்கான வீடுகளின் கதவுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும்.

பதினாறு பேர் சரி என்றார்கள், நானும் உட்பட. பெரியப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்தார், முன்கதவுச் சாவியைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். முழங்கை நீளச் சாவி அது. சாப்பிடக் கூப்பிட்டால் சாவியோடு எழுந்து வருவார், இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார், திரும்பப் போய் உட்கார்ந்துவிடுவார். மூன்று நாள்.

அந்த மூன்று நாளும் ராத்திரி தூக்கம் வரவில்லை. பெட்டகத்தைக் குடைந்தபோது கையில் அகப்பட்டது இந்தப் புத்தகம். பிரித்துப் படிக்கிறேன், மணப்பாட்டுக் கடற்கரையில் குரூஸ் மிக்கேல் என்று ஒரு பரதவர். மகன் செபஸ்தி, வல்லம் என்கிற அவர் படகையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வரச் சொல்கிறான். அப்பனுக்கு மனசில்லை. கடலில் லாஞ்சு என்கிற விசைப்படகு வந்துவிட்டது, வல்லத்துக்காரர்களுக்கும் லாஞ்சுக்காரர்களுக்கும் பகை. இனிமேல் வல்லத்தை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது என்பது குரூசுக்கும் தெரியும். தெரிந்துதான் பிடிவாதம் பிடிக்கிறார்.

நான் படித்ததை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தேன். பெரியப்பா திண்ணையில் படுத்திருந்தார், சாவி தலைமாட்டில். வெளியே ரோட்டில் லாரி போகிற சத்தம். எனக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் ஊரில் கண்மாய்த் தண்ணீரே பாதி வருஷம்தான். ஆனால் இதை எழுதினவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்றே அன்றைக்குத் தோன்றியது. நான்காம் நாள் வியாபாரிக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்றேன். வீடு இன்னும் நிற்கிறது. ஒழுகுகிறது என்பது வேறு விஷயம்.

அதனால் என் அபிப்பிராயத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அதில் வீட்டுக் கணக்கு கலந்திருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு மற்ற மூன்றையும் தேடிப் படித்தபோது நாலிலும் நான் கண்டது ஒன்றுதான்: ஒரு வீடும், அதில் பொருந்தி உட்கார முடியாத ஒரு ஆளும்.

தலைகீழ் விகிதங்களில் சிவதாணு, படித்து வேலை கிடைக்காத ஏழைப் பையன். பணக்கார வீட்டில் பெண் எடுக்கிறான். மாமனார் வீட்டுச் சோற்றில் உப்பு கொஞ்சம் கூடியிருந்தாலும் அவனுக்கு உறைக்கும். தலைப்பைக் கவனியுங்கள், நாம் பள்ளிக்கூடத்தில் போட்ட கணக்குதான், ஒன்று ஏற ஏற மற்றது இறங்கும். நாஞ்சில்நாடன் இதை எழுதியபோது பம்பாயில் வேலை. வயலும் தோப்புமாக இருக்கிற நாஞ்சில் நாட்டை அங்கே உட்கார்ந்துகொண்டு எழுதினார். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் வீட்டில் பிறந்த நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பினாங்கிலிருந்து ஐயா எழுதிய கடிதங்களில் எங்கள் வீட்டுக் கிணற்றடி எலுமிச்சை பற்றி இருக்கிற அளவுக்கு இங்கே இருந்தவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை.

அசோகமித்திரனும் அப்படித்தான். செகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்து 1952-ல் சென்னைக்கு வந்துவிட்டவர். கால் நூற்றாண்டு கழித்து அந்த ஊரை எழுதுகிறார். லான்சர் பாரக்ஸில் ரயில்வேக்காரர் மகன் சந்திரசேகரன், கிரிக்கெட், சைக்கிள், நிஜாம் ராஜ்யத்தின் கடைசி நாட்கள், ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வந்தது. பெரிய சரித்திரம் நடக்கிறது, இவன் கவலையெல்லாம் டீமில் இடம் கிடைக்குமா என்பதில் இருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். சரித்திரம் நடந்துகொண்டிருந்தபோது நானும் அப்படி எதற்காவதுதான் கவலைப்பட்டிருக்கிறேன். கடைசி அத்தியாயத்தைக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்காதீர்கள், ஒவ்வொருவரும் தனியாகப் படித்துவிட்டு வரட்டும்.

காகித மலர்கள் தில்லி. அதிகாரி வீடு, மூன்று சகோதரர்கள், எல்லோரும் மற்றவர் முன்னால் ஒரு வேஷம். நாலில் எனக்கு ஒட்டாதது இதுதான். படித்தவர்கள் தங்களைத் தாங்களே இவ்வளவு நேரம் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார்களா என்று முதலில் எரிச்சல் வந்தது. என் மகள், பெங்களூரில் வேலை பார்ப்பவள், இரண்டு நாளில் முடித்துவிட்டு, இதுதான் நாலில் புதுசு என்றாள். அவள் ஆபீசில் எல்லோரும் அப்படித்தானாம். ஆதவன் 1987-ல் சிருங்கேரியில் துங்கை ஆற்றில் மூழ்கி இறந்துபோனார், நாற்பத்தைந்து வயதுதான். அந்த வருஷத்து சாகித்ய அகாதெமி விருது, முதலில் இரவு வரும் என்ற சிறுகதைத் தொகுப்புக்காக, அவர் போன பிறகு வந்தது.

விருது என்றதும் ஞாபகம் வந்தது. இந்த நாலு நாவலில் ஒன்றுக்கும் அகாதெமி விருது கிடையாது. 1977-க்கான விருது இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனலுக்குப் போனது. கீழ்வெண்மணியை வைத்து எழுதிய நாவல், நூலானது 1975, ஆகவே உங்கள் கணக்கில் சேராது. நம் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசனுக்கு 1980-ல் கிடைத்தது, சேரமான் காதலிக்கு. அசோகமித்திரனுக்கு 1996 வரைக்கும், நாஞ்சில்நாடனுக்கு 2010 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் வேறு புத்தகங்களுக்கு.

உங்கள் பெரியவர் கேட்ட கேள்விக்கு: 1977-ல் நம் பக்கத்து நாவல் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ஐந்து வருஷம் முன்னால், 1972-ல், ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி வந்திருக்கிறது. சிங்கம்புணரிக்காரர். சின்ன வயதிலேயே மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போய், யுத்தத்தை அங்கேயே பார்த்து, திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு இரண்டே நாவல் எழுதினார். தோணியை அறுபதுகளின் தொடக்கத்திலேயே எழுதி முடித்துவிட்டார், அச்சேறப் பத்து வருஷம் ஆயிற்று. குறிப்பில் ஒரு தேதி, பேரேட்டில் ஒரு தேதி என்று சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கணக்கெழுதும் பெட்டியடி, கடையை நடத்தும் மேலாள், அவருக்கு உதவியாக அடுத்தாள் என்று அந்த வட்டிக்கடை உலகம் அதில் அப்படியே இருக்கிறது. எங்கள் ஐயா பினாங்குக் கிட்டங்கியில் அடுத்தாளாக இருந்தவர். பகலில் பெட்டியடிக்கு முன்னால் உட்கார்ந்து வட்டி எழுதுவது, ராத்திரி அதே இடத்தில் பாயை விரித்துப் படுப்பது. அதைப் பற்றி அவர் வீட்டில் வாயே திறந்ததில்லை. அவர் சொல்லாமல் விட்டதைச் சிங்காரத்திடம்தான் தெரிந்துகொண்டேன். கொசுறாக அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் பெரியவருக்காக.

ஆத்தங்குடி வாசல்:

பெட்டகம் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுச் சாவி எங்கே என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் ஒரு கேள்வி. நாலு நாவல், நாலும் ஆண்கள் எழுதியது. செக்காலை ஆச்சி, உங்கள் குழுவில் எத்தனை பெண்கள்? பாதிக்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன், முகப்பில் பணியாரம் வருகிறது என்றால்.

வருஷக் கணக்கில் ஒரு வருஷம் தள்ளிப் போக முடியும் என்றால் 1978-ல் ராஜம் கிருஷ்ணனின் அலைவாய்க்கரையில் இருக்கிறது. அதுவும் தெற்குக் கடற்கரை மீனவர்கள் பற்றித்தான். அவர் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்கிறவர் இல்லை, போய் அவர்களோடு பழகி, கேட்டு, குறித்துக்கொண்டு வந்து எழுதுவார். நீலகிரிப் படகர்களைப் பற்றிக் குறிஞ்சித் தேன், தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றிக் கரிப்பு மணிகள், எல்லாம் அப்படி எழுதியவைதான். கடல்புரத்திலையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். ஒருவர் பரதவர் வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிறார், இன்னொருவர் கரையில் நின்று சங்கம், விலை, வட்டி, லாஞ்சு என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறார். எனக்கு இரண்டாவது கொஞ்சம் வறட்சிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீனுக்கு யார் விலை வைக்கிறார்கள் என்று வண்ணநிலவனைப் படித்தபோது எனக்கு விளங்கவில்லை, ராஜம் கிருஷ்ணன் விளக்கினார்.

அப்புறம் பிலோமி. கடல்புரத்தில் வருகிற குரூஸ் மிக்கேலின் மகள். அண்ணன் வீடு வீடு என்று பேசிவிட்டுப் பெண்ணை விட்டுவிட்டார். அந்த நாவல் குரூஸ் மிக்கேலுடையது இல்லை, பிலோமியுடையது. அவள் காதலித்த சாமிதாஸ் அவளை விட்டுவிட்டு வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொள்கிறான். அவள் அழுகிறாள்தான், ஆனால் அவனை வெறுக்கவே மாட்டேன் என்கிறாள். முதல் தடவை படித்தபோது கல்லூரியில் இருந்தேன், எவ்வளவு பெரிய மனசு என்று உருகினேன். போன வருஷம் மறுபடி படித்தபோது, ஏன் இவளுக்குக் கோபமே வரவில்லை, எழுதியவர் வரவிடவில்லையா என்று எனக்குத்தான் கோபம் வந்தது. உங்கள் கூட்டத்தில் இதை ஒரு பொழுது பேசலாம். பணியாரம் ஆறிவிடும், பரவாயில்லை.

கல்லல் ரயிலடி:

சரி, 1977-க்கு வழிவிடுகிறேன். ஆனால் பெட்டகத்தார் மலை, பள்ளம் என்றெல்லாம் சொன்னதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அடுத்த சுற்று 1966 என்று இப்போதே எழுதிக் கொடுங்கள்.

பழைய பெட்டகம்:

ஆத்தங்குடி ஆச்சி சொன்னது சரி. பிலோமியை நான் விட்டுவிட்டேன். அந்த மூன்று நாள் எனக்கு வீட்டைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. அவளுக்கும் அம்மாவின் சிநேகிதராக இருந்த வாத்திக்கும் நடுவில் மெள்ள வளர்கிற அந்த உறவு எவ்வளவு நுணுக்கமானது! தவறினால் ஆபாசமாகிவிடும், தவறவில்லை.

ஆனால் கோபம் வராதது எழுதியவர் குற்றம் என்று சொல்வதற்கு முன்னால் ஒன்று. எங்கள் பெரியம்மாவுக்கும் ஒரு கதை உண்டு. பெரியப்பா ரங்கூனில் பதினோரு வருஷம் இருந்தார். பெரியம்மா ஒரு வார்த்தை கோபமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. எங்கள் காதில் விழவில்லை என்பதால் கோபமே இல்லை என்று எடுத்துக்கொண்டோம். பெரியம்மா போன பிறகு அவர் பெட்டியைத் திறந்தோம், ரங்கூன் கடிதங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. பாதிக்கு மேல் உறை பிரிக்கவேயில்லை.

ராஜம் கிருஷ்ணனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கில் அடுத்த வருஷத்து முன்வரவு என்று எழுதிவிடலாம்.

செக்காலை வாசகி:

எல்லோருக்கும் நன்றி. குழுவில் காட்டினேன், 1977 என்று முடிவாகிவிட்டது. கடல்புரத்தில் முதலில், பிறகு அலைவாய்க்கரையில், தலைகீழ் விகிதங்கள், அசோகமித்திரன், கடைசியில் ஆதவன். பெரியவர் புயலிலே ஒரு தோணியை இப்போதே வாங்கித் தரச் சொல்லிவிட்டார், மற்றதெல்லாம் அப்புறமாம். ஆத்தங்குடி ஆச்சி, பன்னிரண்டில் எட்டுப் பேர் பெண்கள். பணியாரம் சுடுவது என் வீட்டுக்காரர்.

கல்லல்காரருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, 1966 அடுத்த சுற்று.

கடல்புரத்தில் எங்களிடம் மூன்று பிரதிதான் இருக்கிறது. புதிதாக வாங்க முடிந்தவர்கள் வாங்குகிறார்கள். பெட்டகம் அண்ணன், உங்கள் பழைய பிரதியோடு அந்த ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? ரஸ்தாவிலிருந்து பஸ்ஸில் வந்தால் செக்காலையில் இறங்கிக்கொள்ளலாம், யாரையாவது அனுப்புகிறேன்.

பழைய பெட்டகம்:

வருகிறேன் ஆச்சி. பிரதியைக் கொண்டுவருவதில் ஒரு சிக்கல். இன்று காலை எடுத்துப் பார்த்தேன், பெட்டகத்தின் அடித்தட்டில் கரையான் ஏறியிருக்கிறது. முன்னால் ஒன்றும் ஆகவில்லை, பிளேடால் அறுத்த மூலைகூட அப்படியே இருக்கிறது. பின்னால் கடைசி ஏழெட்டுப் பக்கம் மண்ணாகிவிட்டது. அந்த இடம் வரும்போது யாராவது வேறு பிரதியிலிருந்து படித்துக் காட்டுங்கள். காது கொஞ்சம் மந்தம், என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் நல்லது.